எல்.எல்.ஆர். போட்ட ஆறு மாதம்: டெல்டா பிள்ளைகள் வண்டி பழக ஒரு வழிகாட்டி

ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரில் தண்ணீர் திறந்தால் அது கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும். அதே மூன்று நான்கு நாளில் எங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்த பிள்ளை ஏதாவது ஒன்று ஸ்கூட்டர் பழகி முடித்திருக்கும். "பழகிட்டான், இனி லைசென்ஸ் எடுத்துட வேண்டியதுதான்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். பேலன்ஸ் வருவது வேறு, ஓட்டத் தெரிவது வேறு. என் இரண்டு பிள்ளைகளுக்கும் அக்கா மகனுக்கும் சொல்லிக்கொடுத்தபோதுதான் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று எனக்கே புரிந்தது. கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவில் ஒரு கிராமம் எங்களுடையது. ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் வயல், நடுவில் ஒரு லாரி போனால் மற்ற வண்டி ஒதுங்கி நிற்க வேண்டிய சாலை. இந்த மாதிரி ஊரில் இருந்துகொண்டு முதல்முறையாக லைசென்ஸ் எடுக்கப் போகிறவர்களுக்காகவும் அவர்களின் அப்பா அம்மாவுக்காகவும் இதை எழுதுகிறேன். விண்ணப்பம், கட்டணம், தேர்வு எல்லாம் வரிசையாகச் சொல்கிறேன், ஆனால் அதிகமாகப் பேசப்போவது எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம் கையில் இருக்கும் அந்த ஆறு மாதத்தைப் பற்றித்தான், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் சும்மா கழித்துவிடுகிறார்கள்.

முதலில் வயது

கியர் உள்ள பைக், ஸ்கூட்டர், கார் எல்லாவற்றுக்கும் 18 முடிந்திருக்க வேண்டும். 16 வயதில் லைசென்ஸ் எடுக்கலாம் என்று சிலர் சொல்வது உண்மைதான். ஆனால் அது 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும், அதுவும் பெற்றோர் கையெழுத்துடன். இன்று நம் வீடுகளில் நிற்கும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110, 125 சிசி. வயலுக்கு உர மூட்டை ஏற்றிப் போகும் டி.வி.எஸ். எக்ஸ்எல் 100 கூட பெயருக்கேற்ப ஏறக்குறைய 100 சிசி. சின்ன வண்டிதானே, மொபெட்தானே என்று பத்தாவது படிக்கும் பையன் கையில் அதைக் கொடுக்கிற பழக்கம் நம் பக்கம் ரொம்ப இருக்கிறது. சட்டப்படி அவனுக்கு அந்த வண்டிக்கு லைசென்ஸ் கிடைக்கவே வழியில்லை.

டிராக்டரும் அப்படித்தான். இலகு ரக வாகனம் என்பதற்குச் சட்டம் சொல்லும் விளக்கத்திலேயே 7,500 கிலோவுக்கு மேற்படாத டிராக்டரும் அடங்குகிறது. சொந்த வயலுக்குள் உழுகிற வரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், ஆனால் ஒரு வயலில் இருந்து அடுத்த வயலுக்குப் போக நூறு மீட்டர் தார்ச்சாலையில் ஏறினால்கூட 18 வயதும் லைசென்ஸும் வேண்டும். லாரி, வாடகை வண்டி என்று தொழிலாக ஓட்ட நினைப்பவர்களுக்கு 20 வயது ஆக வேண்டும், அதற்கு முன் இலகு ரக லைசென்ஸ் ஒரு வருடமாவது கையில் இருந்திருக்க வேண்டும்.

அப்பா அம்மாக்கள் இந்தப் பத்தியை நிதானமாகப் படிக்க வேண்டும். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் தண்டனை பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோதான்: மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், அந்த வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இதோடு விபத்தில் யாருக்காவது அடிபட்டால், லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியதால் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த நஷ்டஈட்டை நம்மிடமே திரும்ப வசூலிக்கலாம். இருக்கிற ஒரு மா, இரண்டு மா நிலம் அதில் போய்விடும். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. "பக்கத்துக் கடைக்குத்தானே" என்று சாவி எடுத்துக் கொடுக்கும்போது இவ்வளவும் அந்தச் சாவியோடு போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

எப்போது விண்ணப்பிப்பது

எல்.எல்.ஆர். கிடைத்தால் ஆறு மாதம் செல்லும். அது கிடைத்து 30 நாள் கழிந்த பிறகு லைசென்ஸ் தேர்வுக்குப் போகலாம். முப்பத்தோராம் நாள் போய் நிற்பதுதான் வழக்கம். நான் சொல்வது இதுதான்: மீதி ஐந்து மாதத்தையும் பயன்படுத்துங்கள், முடிந்தால் எல்.எல்.ஆரை ஆவணி அல்லது புரட்டாசியில் போடுங்கள்.

காரணம் இருக்கிறது. கோடையில் பழகினால் காய்ந்த தார்ச்சாலை, நல்ல வெளிச்சம், காலியான தெரு. அதை மட்டும் பார்த்துவிட்டு லைசென்ஸ் வாங்கினவர் ஐப்பசி மழையில் முதல்முறையாகத் தனியே மாட்டுவார். செப்டம்பர் தொடக்கத்தில் எல்.எல்.ஆர். போட்டால் பிப்ரவரி கடைசி வரை அது செல்லும். குறுவை அறுவடை, வடகிழக்குப் பருவமழை, மார்கழிப் பனி, சம்பா அறுவடை என்று நம் சாலை எடுக்கிற எல்லாக் கோலத்தையும் பக்கத்தில் ஒரு பெரியவரை வைத்துக்கொண்டே பார்த்துவிடலாம். தேர்வை மட்டும் பிப்ரவரி முதல் வாரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், ஒருமுறை தவறினாலும் எல்.எல்.ஆர். காலாவதியாவதற்குள் இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். கல்லூரி, வேலை என்று ஊரை விட்டுப் போகிறவர்களுக்கு இது ஒத்துவராது, அவர்கள் விடுமுறையைப் பார்த்துச் செய்துகொள்ளட்டும்.

காகித வேலை

விண்ணப்பம் எல்லாம் பரிவாகன் இணையதளத்தில் உள்ள சாரதி பக்கத்தில்தான். நம் பக்கத்து வட்டாரப் போக்குவரத்து (ஆர்.டி.ஓ.) அலுவலக எண்கள்: தஞ்சாவூர் டி.என். 49, கும்பகோணம் 68, திருவாரூர் 50, நாகப்பட்டினம் 51, மயிலாடுதுறை 82. உங்கள் முகவரி எந்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். காரைக்கால்காரர்களுக்குப் புதுச்சேரிக் கணக்கு, பி.ஒய். 02. அவர்கள் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு விழிக்கக் கூடாது. போனில் செய்ய வராவிட்டால் இ-சேவை மையத்தில் செய்து தருவார்கள், சேவைக் கட்டணம் தனி.

தேவைப்படுவது ஆதார், வயதுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அல்லது பிறப்புச் சான்று, புகைப்படம், கையெழுத்து. இதில் மாட்டிக்கொள்வது எங்கே என்றால் பெயரில்தான். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும் அல்லது அப்பா பெயர் முழுதாகச் சேர்ந்திருக்கும், பிறந்த தேதியில் ஒரு எண் மாறியிருக்கும். என் மகளுக்கு ஆதாரில் ஒரு எழுத்து தவறாக இருந்து அதைத் திருத்தி வாங்கவே மூன்று வாரம் போனது. அதனால் 18 ஆவதற்கு இரண்டு மாதம் முன்பே எல்லாத் தாள்களையும் பாயில் பரப்பி வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுவிடுங்கள். ஆதாரில் இணைத்த போன் நம்பர் இப்போது யாரிடம் இருக்கிறது என்றும் பாருங்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் போகும். முகவரியும் சரியாக இருக்க வேண்டும், லைசென்ஸ் அட்டை தபாலில் அந்த வீட்டுக்குத்தான் வரும்.

மத்திய விதிப்படி எல்.எல்.ஆருக்கு ஒரு வகை வண்டிக்கு 150 ரூபாய், அதற்கான தேர்வுக்கு 50. பிறகு ஓட்டுநர் தேர்வுக்கு ஒரு வகைக்கு 300, அட்டைக்கு 200. மாநிலச் சேவைக் கட்டணம் இதற்கு மேல் கொஞ்சம் வரும். வண்டி வகையைத் தேர்ந்தெடுக்கும்போது "கியர் உள்ள மோட்டார் சைக்கிள்" என்பதையே எடுங்கள். கியர் இல்லாததை மட்டும் எடுத்தால் பிற்காலத்தில் ஸ்பிளெண்டர்கூட ஓட்ட முடியாது, கியர் வண்டிக்கு எடுத்தால் ஸ்கூட்டரும் அதில் அடங்கும். பெண் பிள்ளைகளுக்கு "ஸ்கூட்டி ஓட்டினா போதும்" என்று கியர் இல்லாததை மட்டும் போட்டுவிடுகிறார்கள். அது வேண்டாம், ஒரே செலவு, ஒரே அலைச்சல், முழுதாக எடுத்துக்கொடுங்கள். காரும் சேர்த்து ஒரே விண்ணப்பத்தில் போடலாம்.

உடல்தகுதிக்கு நாமே கையெழுத்திடும் ஒரு படிவம் உண்டு. அதில் நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட் தெரிகிறதா என்று ஒரு கேள்வி வரும். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு "ஆம்" போடுகிறார்கள். தயவுசெய்து தெருவில் இறங்கி முப்பது முப்பத்தைந்து எட்டு நடந்து நின்று படித்துப் பாருங்கள். அக்கா மகனுக்குக் கண்ணாடி தேவை என்று வீட்டில் தெரியவந்ததே இந்தச் சோதனையில்தான். பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் முன் பெஞ்சில் உட்கார்ந்தே சமாளித்திருக்கிறான்.

எல்.எல்.ஆர். தேர்வு

ஆதார் வழியாக விண்ணப்பித்தால் வீட்டிலிருந்தே எழுதலாம், இல்லாவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். தமிழிலேயே கேள்வி வரும், 60 சதவீதம் சரியாக இருந்தால் தேர்ச்சி. முன்னால் சாலைப் பாதுகாப்பு வீடியோ ஒன்று ஓடும். பக்கத்தில் யாரையாவது உட்காரவைத்து விடை சொல்லச் சொல்வது இப்போது சாதாரணமாகிவிட்டது, அதைச் செய்யாதீர்கள். வட்டத்துக்குள் இருப்பது கட்டளை, முக்கோணத்துக்குள் இருப்பது எச்சரிக்கை, நீலச் செவ்வகம் தகவல் என்று பிடித்துக்கொண்டால் பாதிக் கேள்வி தானாக வந்துவிடும். ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கு, அதாவது நமக்கு வலப்பக்கம் இருந்து வருபவருக்கு, வழிவிட வேண்டும் என்பதை மட்டும் மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள், தேர்வுக்காக இல்லை, தஞ்சாவூருக்குள் நுழைந்ததுமே அது தேவைப்படும்.

கை சைகைகளும் இப்போதே படித்துவிடுங்கள். வலது கையை நேராக நீட்டி உள்ளங்கையை முன்னால் காட்டினால் வலப்பக்கம் திரும்புகிறேன், கையை இடஞ்சுழியாகச் சுற்றினால் இடப்பக்கம், உள்ளங்கையைக் கீழே பார்த்து மேலும் கீழும் அசைத்தால் வேகம் குறைக்கிறேன், முழங்கையை மடித்துக் கையை மேலே தூக்கினால் நிற்கப்போகிறேன், முன்னும் பின்னும் வீசினால் நீங்கள் தாண்டிப் போகலாம். லைசென்ஸ் தேர்வன்று பிரேக் இன்ஸ்பெக்டர், அதாவது மோட்டார் வாகன ஆய்வாளர், இதைக் கேட்பார்.

டிரைவிங் ஸ்கூல் வேண்டுமா

சொந்த உபயோக வண்டிக்குக் கட்டாயம் இல்லை. பைக்குக்கு வீட்டுப் பெரியவர் போதும். காருக்கு ஸ்கூலில் சேர்வதே நல்லது, முக்கியமாக பயிற்றுநர் பக்கமும் கிளட்சும் பிரேக்கும் இருக்கிற வண்டி என்பதால். விதிப்படி அங்கீகாரம் பெற்ற ஸ்கூல் 21 நாளுக்குக் குறையாமல் பயிற்சி தர வேண்டும், அதில் நீங்கள் ஸ்டியரிங் பிடிக்கும் நேரம் மட்டும் 10 மணி நேரமாவது இருக்க வேண்டும். சேரும்போது இதைக் கேளுங்கள். என் மகன் சேர்ந்த இடத்தில் ஒரே காரில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஆளுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள், ஸ்டியரிங்கில் பாதிக் கையும் அவர்களுடையதுதான். ஒரு வாரம் பார்த்துவிட்டு எத்தனை மணி நேரம் ஆனது என்று நோட்டில் தேதி போட்டு எழுதிக்காட்டிக் கேட்டோம், அதன் பிறகு தனி நேரம் ஒதுக்கினார்கள். பணம் கட்டுவது நாம், கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

எல் போர்டு என்பது பின்னால் ஒட்டும் ஸ்டிக்கர் மட்டும் இல்லை. வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எல், 18 சென்டிமீட்டர் சதுரம், முன்னாலும் பின்னாலும் இருக்க வேண்டும். பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர், வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பைக்கில் என்றால் சொல்லிக்கொடுக்கும் லைசென்ஸ்காரரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. எல்.எல்.ஆரை வைத்துக்கொண்டு நண்பனை டபுள்ஸ் அடித்து கல்லூரிக்குப் போவது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம். அதற்கு அபராதம் 5,000 ரூபாய், வண்டியைக் கொடுத்தவருக்குத் தனியாக 5,000.

அந்த ஆறு மாதம்

முதல் இரண்டு வாரம் காலியான இடம்தான். அறுவடை இல்லாத நாளில் ஊர்க் களம், லீவு நாளில் பள்ளிக்கூட மைதானம். பைக்கில் கிளட்சை முழுதாக விடாமல் நடக்கிற வேகத்தில் ஓட்டிப் பழகுங்கள், வேகமாக ஓட்டுவது யாருக்கும் வரும், மெதுவாக ஓட்டுவதுதான் வராது. காரில் ரிவர்ஸ். நம் பூமி தட்டை என்பதால் மேட்டில் நிறுத்தி எடுப்பதற்கு இடமே கிடைக்காது. ஆற்றுப் பாலத்துக்கு ஏறுகிற சரிவும் ரயில்வே மேம்பாலமும்தான் நமக்கு மலை. விடியற்காலையில் கூட்டம் இல்லாதபோது பாலத்துக்கு ஏறும் சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஹாஃப் கிளட்சில் பின்னால் உருளாமல் எடுங்கள். இருபது முறை. இது வராதவர் ஒருநாள் பஸ்ஸுக்கு முன்னால் பாலத்தில் நின்று வியர்ப்பார்.

புரட்டாசி, ஐப்பசி குறுவை அறுப்பு. சாலையில் பாதி நெல் காயும். இதை யாரையும் குறை சொல்லி எழுதவில்லை, எங்கள் வீட்டு நெல்லும் களம் கிடைக்காத வருடங்களில் சாலையில்தான் காய்ந்தது. ஓட்டுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது, நெல்மணி டயருக்கு அடியில் உருளும், அதன் மேல் முன்பிரேக் பிடித்தால் பைக் படுத்துவிடும். நெல் தெரிந்ததும் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, மேலே போகும்போது பிரேக்கும் கூடாது, திருப்பவும் கூடாது, நேராக உருண்டு போக வேண்டும். நெல்லைவிட ஆபத்து அதைச் சுற்றி அணைவைத்த கல்லும் கட்டையும். சாயங்காலம் நெல்லை அள்ளிவிடுவார்கள், கல் அங்கேயே கிடக்கும். எங்கள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் இரவில் அப்படி ஒரு கல்லில் ஏறித்தான் காலை முறித்துக்கொண்டான். பகலில் எங்கே நெல் காய்ந்தது என்று பார்த்து வைத்துக்கொண்டு இரவில் அந்த இடத்தில் ஊர்ந்து போங்கள். காயப்போடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள், கல்லையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். அப்புறம் வைக்கோல். சாலையில் பரப்பிய வைக்கோல் மேல் காரை ஓட்டினால் அடியில் சுற்றிக்கொண்டு சூடான சைலன்சரில் பட்டுத் தீப்பிடிக்கும். சுற்றுவழி இருந்தால் அதில் போங்கள், இல்லையென்றால் இறங்கி ஒதுக்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.

மழைக்காலத்தில் நடவும் களையெடுப்பும் நடக்கும் வயலோரங்களில், சேற்றில் இருந்து ஏறிய டிராக்டர் சக்கரம் வண்டல் மண்ணை அப்படியே தார் மேல் உதறிவிட்டுப் போகும். நம் வண்டல் பயிருக்குத் தங்கம், டயருக்கு எண்ணெய். மழை பெய்து முதல் பத்து நிமிடம்தான் மிகவும் வழுக்கும், அந்த நேரம் டீக்கடையில் ஒதுங்குவதில் தப்பே இல்லை. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் ஆழம் எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டாம், திரும்பிவிடுங்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் போகிறார் என்பதற்காகவும் போக வேண்டாம்.

ஆற்றங்கரைச் சாலை தனிப் பாடம். கல்லணையில் இருந்து பூம்புகார் வரை காவிரியை ஒட்டியே போகும் சாலையில் வளைவுகள் ஆறு வளைகிற இடத்தில் வளையும், பல இடத்தில் தடுப்புச்சுவர் கிடையாது. அந்தச் சாலையில் எதிர் வண்டிக்கு ஒதுங்கும்போது இடது சக்கரம் கரை மண்ணில் இறங்கினால் பயந்து ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள், காலை எடுத்து வேகம் குறைந்த பிறகு மெதுவாக ஏற்றுங்கள். வெட்டித் திருப்புவதால்தான் கார் எதிர்ப்பக்கம் பாய்கிறது. பாலத்திலும் மதகிலும் சாலை குறுகும், அங்கே யார் முதலில் நுழைந்தாரோ அவர் போகட்டும். ஒருவேளை கார் வாய்க்காலுக்குள் போய்விட்டால் கதவைத் தள்ளிக்கொண்டிருக்க வேண்டாம், வெளித் தண்ணீர் அழுத்தத்தில் திறக்காது. சீட் பெல்ட்டைக் கழற்று, கண்ணாடியை இறக்கு, பிள்ளைகளை முதலில் வெளியே அனுப்பு. இந்த வரிசையை வீட்டில் எல்லோருக்கும் வாய்ப்பாடு போலச் சொல்லிவையுங்கள், என் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள்.

மார்கழி, தை விடியற்காலை பனி. அந்த நேரத்தில்தான் பாதயாத்திரை போகிறவர்கள் சாலையோரம் இருட்டில் நடப்பார்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தில் இருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நாகப்பட்டினம் போகிற எல்லாச் சாலையிலும் இதே நிலைமை, குழந்தைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நடப்பார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். ஆளைப் பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போகவே ஒரு வினாடி ஆகும். பனியில் 17 மீட்டருக்கு அப்பாலும் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் அந்த வேகம் கூடாது, அவ்வளவுதான்.

பிறகு சம்பா அறுப்பு. கதிர் அறுக்கும் மிஷின், வைக்கோல் பாரம் ஏற்றிச் சாலையையே அடைத்துக்கொண்டு வரும் டிராக்டர், கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் வரிசையாக நிற்கும் லாரிகள். இரவில் இவற்றில் பலவற்றுக்குப் பின்விளக்கு எரியாது. எதிரே ஒற்றை விளக்கு வந்தால் பைக் என்று முடிவு கட்டாதீர்கள், ஒரு கண் போன டிராக்டராகவோ லாரியாகவோ இருக்கலாம், அந்த விளக்கு அதன் இடது பக்கத்ததா வலது பக்கத்ததா என்று நமக்குத் தெரியாது. முழு வண்டிக்கு உண்டான இடத்தை விட்டு ஒதுங்குங்கள். டிம் அடியுங்கள். இரவு ஓட்டத்தைக் கடைசி மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், பெரியவர் பக்கத்தில் இல்லாமல் வேண்டவே வேண்டாம்.

தேர்வு நாள்

சாரதி பக்கத்தில் தேதி முன்பதிவு செய்து, எல்.எல்.ஆர்., ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் எடுத்துக்கொண்டு போக வேண்டும். தேர்வுக்குக் கொண்டுபோகும் வண்டியின் இன்சூரன்ஸ் காலாவதியாகி இருக்கிறதா என்று முந்தின வாரமே பாருங்கள், வாசலில் போய்த்தான் பலருக்குத் தெரிகிறது. பைக்குக்கு எட்டு போட வேண்டும், காருக்கு எச். எட்டில் முன் சக்கரத்தைப் பார்த்தால் கால் தானாகத் தரையில் ஊன்றிவிடும், அடுத்து எங்கே போக வேண்டுமோ அங்கே கண் இருக்க வேண்டும், ஹாஃப் கிளட்சும் பின்பிரேக்கில் லேசாகக் காலும். அக்கா மகன் முதல்முறை ஊன்றிவிட்டான். தவறினால் ஏழு நாள் கழித்து மறுபடியும் போகலாம், மூன்று முறை தவறினால் 60 நாள் பொறுக்க வேண்டும். தவறினது அவமானம் இல்லை, அதை வீட்டில் பேசிப்பேசி பிள்ளையைக் கூச வைக்காதீர்கள். ஹெல்மெட் போட்டுக்கொண்டே தேர்வுக்குப் போங்கள், சீட் பெல்ட்டை வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே போடுங்கள். இடைத்தரகர்கள் வாசலில் நிற்பார்கள், எட்டு போடாமலே வாங்கித் தருகிறேன் என்பார்கள். ஆறு மாதம் பழகினவருக்கு அவர் தேவையே இல்லை.

லைசென்ஸ் கையில் வந்த பிறகு

30 வயதுக்குள் எடுக்கிற லைசென்ஸ் 40 வயது வரை செல்லும். தபாலில் அட்டை வருவதற்கு முன்பே டிஜிலாக்கரில் இறக்கி வைத்துக்கொள்ளலாம், சோதனையில் அதுவே செல்லும். ஹெல்மெட் ஓட்டுகிறவருக்கும் பின்னால் உட்காருகிறவருக்கும், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக, பட்டை மாட்டியபடி. போடாவிட்டால் 1,000 ரூபாய், மூன்று மாதம் லைசென்ஸ் நிறுத்திவைக்கவும் முடியும். மூன்று பேர் போனாலும் அதே கணக்குத்தான். குடித்துவிட்டு ஓட்டினால் முதல்முறையே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ. நண்பன் குடித்திருந்தால் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சண்டை வந்தாலும் பரவாயில்லை.

சாலையில் அடிபட்டவரைப் பார்த்தால் நின்று 108-க்குப் போன் செய்யுங்கள். உதவினவரை வழக்கில் இழுக்க மாட்டார்கள், அதற்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் இன்னுயிர் காப்போம் திட்டம் 2021 டிசம்பரில் இருந்து நம் மாநிலத்தில் நடக்கிறது, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் பணம் கேட்காமல் சேர்ப்பார்கள்.

சரி, வீட்டில் ஒரு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில் லைசென்ஸ் வந்த பிறகும் முதல் மூன்று மாதம் பைபாஸ் கிடையாது, மழையில் தனியாகக் கிடையாது, இரவு எட்டு மணிக்கு மேல் கிடையாது. தாமதமானால் அங்கேயே இருந்துகொண்டு போன் செய்ய வேண்டும், நாங்கள் போய் அழைத்து வருவோம், ஏன் லேட் என்று அன்றைக்குக் கேட்க மாட்டோம். கடைசியாகச் சொன்னதை நாங்களும் காப்பாற்றினோம். அக்கா மகன் அந்த மூன்று மாதம் முடிந்த பிறகு, முதன்முதலாக இரவில் திருவையாறு வரை போக வேண்டி வந்தபோது, "ஒரு தடவை நீங்க பின்னால உட்கார்ந்து வாங்க" என்று அவனே கேட்டான். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு நானும் கிளம்பினேன்.